குறிப்பு என்ற கட்டத்தில் நான் எழுதியது

உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம் போஸ்ட்மேன் எங்கள் வீட்டு கேட்டைத் தட்டினார். பழுப்பு அட்டைப்பெட்டி, சுற்றிலும் டேப். மேலே ஆங்கிலத்தில் உன் பெயர். கீழே எங்கள் வீட்டு முகவரி. அனுப்பியவன் அந்த உத்தராகண்ட் தீபக். பெட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். காய்ந்த மரப்பட்டை மாதிரி ஒரு வாசனை. ஆட்டினால் உள்ளே கடகடவென்று உருண்டது. வால்நட். "எங்க வீட்டுல மரமே இருக்கு, உனக்கு அனுப்புறேன்" என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனானே, அதுதான். மூன்று வருஷம் கழித்து அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

"செத்தவன் பேருக்கு வந்தத வூட்டுக்குள்ள வைக்காதடா" என்றார் என் அம்மா. அது மட்டும்தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. பெட்டியை மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் நீ எப்போதும் உட்காருவாயே, அதே சிமெண்டு மேடையில்.

உன் பெயரும் எங்கள் முகவரியும் எப்படி ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய இன்னொருவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

அந்த மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் அறிவிப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று நீ அதை மூன்று தடவை படித்தாய். விழுப்புரத்தில் நம் காலேஜிலிருந்து எட்டுப் பேர் உத்தராகண்டுக்குப் போகலாம். அதற்கு முன்னால் அங்கிருந்து எட்டுப் பேர் இங்கே வருவார்கள். ஆளுக்கு ஒரு ஜோடி. வருகிற ஜோடியை நம் வீட்டிலேயே ஆறு நாள் தங்கவைக்க வேண்டும். அப்புறம் நாம் போய் அவன் வீட்டில் தங்கலாம். எட்டுப் பேரில் நீ வந்துவிட்டாய். நான் ஒன்பதாவது, காத்திருப்புப் பட்டியல்.

தேர்வான மற்ற ஏழு பேரும் போவதைப் பற்றியே பேசினார்கள். பனி, கங்கை, இரண்டு நாள் ரயில். நீ மட்டும்தான் வருவதைப் பற்றிப் பேசினாய்.

"போறது இன்னாடா, டிக்கெட்டு எடுத்தா எவன் வேணா போவான். ஒருத்தன் வந்து எங்க வூட்ல ஆறு நாளு இருக்கப்போறான். எங்க அம்மா கையால துன்னுக்கினு, எங்க தெருவுல நடந்துக்கினு. அதான்டா மேட்டரு."

எனக்கு அது அப்போது புரியவில்லை. மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். நான் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்து ஏறி வருவேன். நீ கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் ஏறுவாய். என் தயிர்சாதத்தை நீ தின்பாய், உன் கருவாட்டுக் குழம்பை நான் தின்பேன். டிபன் பாக்ஸுக்கு ஜாதி கிடையாது என்று ஒரு நாள் நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். நீ விரலை நக்கிக்கொண்டே கேட்டாய்: "பொட்டிக்கு இல்லடா. வூட்டுக்கு?" நான் சிரித்தேன். பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று கூடத் தோன்றவில்லை. இன்னொரு நாள், "காலேஜ்ல மச்சான்ற. கூட்டுரோட்டுல உங்காளுங்க நின்னுக்கினு இருந்தா பேரச் சொல்லிக் கூப்புடற. ஏன்டா, மச்சானுக்கு எல்லை எதுனா இருக்குதா?" என்றாய். அதற்கும் சிரித்தேன். சிரிப்பு ரொம்ப வசதியான சாமான்.

விருந்தாளிகள் வருவதற்குப் பத்து நாள் முன்னால், தங்கப்போகும் வீடுகளைப் பார்க்க ஒருங்கிணைப்பாளர் சார் கிளம்பினார். எனக்கு அந்தப் பக்கமெல்லாம் வழி தெரியும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு படிவம். எத்தனை அறை, கழிவறை உண்டா, குடிநீர், மின்விசிறி, கட்டில். கடைசியில் குறிப்பு என்று ஒரு காலிக் கட்டம். வீடு தகுதியில்லை என்று எழுதினால் அந்த மாணவன் பட்டியலிலிருந்தே போய்விடுவான். குடும்பச் சூழ்நிலையால் மாணவனே தங்கவைக்க விரும்பவில்லை என்று எழுதினால், அவனுடைய ஜோடியை வேறொரு வீட்டில் தங்கவைத்துவிட்டு அவன் மட்டும் போய்வரலாம். விதி அப்படி.

உங்கள் தெரு முனையில், தார் ரோட்டிலேயே சார் காரை நிறுத்தினார். "உள்ள பள்ளம்பா, வண்டி எறங்காது. நீ போயி பாத்து எழுதிக்கினு வந்துடு. ரெண்டு நிமிஷம்." கரும்பு லாரி போய்வருகிற தெரு அது. கார் இறங்காதாம். நான் இறங்கி நடந்தேன். மூன்று வருஷத்தில் உன் வீட்டுக்கு நான் முதல்முறையாக வந்தது அன்றைக்குத்தான். கையில் ஒரு அட்டை, ஒரு பேனா.

நீ வீட்டில் இல்லை. டேபிள் ஃபேன் ரிப்பேர் பண்ணத் திண்டிவனம் போயிருந்தாய். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. கூரையில் ஒரு மூலையில் காரை விழுந்து கம்பி தெரிந்தது. மூன்று சுவருக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தாய், நாலாவது சுவருக்கு வரும்போது பெயிண்ட் தீர்ந்திருந்தது. விறகு அடைத்துக் கிடந்த கழிவறையைக் காலி செய்து, புதுத் தகரக் கதவு போட்டு, ஸ்டிக்கர் கூடக் கிழிக்காத பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தாய். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மடக்குக் கட்டில். ஒரு புது எவர்சில்வர் தட்டு.

உன் அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார். "வாங்க தம்பி, உக்காருங்க. வெயில்ல வந்துக்கிறீங்க" என்று ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றேன். பங்குனி வெயில். காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது. யோசிக்காமல் வருவதுதான் பயங்கரம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குப் புதிதில்லை.

அந்தக் கம்பியைப் பார்த்தேன். சார் இதைப் படித்தால் தகுதியில்லை என்பார், உன் பயணம் போய்விடும் என்று நினைத்தேன். வருகிறவன் இந்த ஒரே அறையைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் நீ கூனிக்குறுகிப் போவாய் என்றும் நினைத்தேன். இரண்டையும் அன்று நட்பு என்றே நம்பினேன். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: "குடும்பச் சூழல் காரணமாக, விருந்தினரைத் தங்கவைக்க மாணவரே விரும்பவில்லை. பதிலாக எங்கள் வீட்டில் தங்கவைக்கலாம்." கீழே எங்கள் முகவரி.

காரில் வைத்து சார் படித்தார். "நல்லதாப் போச்சுப்பா. அவன் மனசும் நோவாது" என்றார். படித்த ஆட்கள் இரண்டு பேர், இரண்டு நிமிஷத்தில், ஒரு கெட்ட வார்த்தை கூடப் பேசாமல் உன்னை உன் வீட்டிலிருந்து அழித்தோம்.

உன்னிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். நீயோ தினமும் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவாய். ஃபேன் ஓடுது. கொசுவலை கிடைச்சிடுச்சு. அவங்க சப்பாத்திதான் துன்னுவாங்களாமே, அம்மா பக்கத்து வூட்ல கத்துக்கினு இருக்குது, இந்தியா மேப் மாதிரி வருதுடா. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு நீ தேய்த்த சட்டையோடு வந்தாய். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் தீபக் பெயரை எழுதிப் பிடித்திருந்தாய். உன் அம்மாவும் வந்திருந்தார், கையில் ஒரு முழம் கதம்பம். வெளியே ஷேர் ஆட்டோவைப் பேசி நிறுத்தி வைத்திருந்தீர்கள். ரயில் வந்தது, பையன்கள் இறங்கினார்கள், சார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். தீபக் என்று படித்து, அடுத்து என் பெயரைச் சொன்னார்.

"சார், மாத்திப் படிக்கிறீங்க. அவரு என் ஜோடி" என்றாய்.

"நீதானேப்பா வேணாம்னு சொல்லியிருக்க? இதோ இருக்குது பாரு."

படிவத்தை வாங்கிப் பார்த்தாய். மூன்று வருஷம் என் நோட்டைப் பார்த்து எழுதியவன் நீ. என் கையெழுத்து உனக்குத் தெரியாதா? ஒரே ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தாய். உன் அம்மா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றாய்.

உன் அம்மா கதம்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்த ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனார்.

மேம்பாலப் படிக்கட்டில் உன்னைப் பிடித்து நிறுத்தினேன். ஏன்டா ஆமான்னு சொன்ன என்றேன்.

"நீ எழுதினன்னு சொன்னா பொய்யா எழுதிக் குடுத்தான்னு உன் டீசிய கிழிச்சிக் கையில குடுத்துடுவானுங்க. எதுக்குப் பேஜாரு."

"நீ கூச்சப்படுவியேன்னுதான்டா..."

"நானா?" என்றாய். "என் வூட்டப் பாத்துக் கூச்சப்பட்டது நீ. நான் இல்ல."

அம்மாவிடம் நானே வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாய். "உன்ன நல்ல புள்ளன்னு நெனச்சிக்கினு இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். பெத்த புள்ள மேல கோவம் எத்தினி நாளைக்கு நிக்கும்? மறந்துடும்." அடுத்த நாள் பட்டியலிலிருந்து உன் பெயரை நீயே எடுத்துவிட்டாய். ஒன்பதாவதாக இருந்த நான் எட்டாவது ஆனேன். அதற்காக நான் அப்படி எழுதவில்லை. ஆனால் போனேன். இரண்டும் உண்மை.

தீபக் சாதாரணப் பையன். சாம்பாருக்குப் பயந்தான். பாண்டிச்சேரி கடலைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டான். அவித்த மல்லாட்டையைக் கொடுத்தால் கடலையை உரிக்காமல் ஓட்டோடு கடித்தான். "டேய், தோலோட துன்றான்டா" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆமாம், நீ கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. அவனைப் பார்க்க தினமும் வந்தாய், மோட்டார் கொட்டகை வரைக்கும். எங்கள் இருவருக்கும் டம்ளரில் டீ வரும், உனக்குப் பேப்பர் கப்பில். அவன் ஏன் உள்ளே வருவதில்லை என்று தீபக் கேட்டான். அவனுக்குக் காத்து பிடிக்கும் என்றேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

நாலாவது நாள் மூன்று பேரும் திருவக்கரைக்குப் போனோம். கல்லாகிப்போன மரத்தைத் தீபக் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். திரும்பி வரும் வழியில், "எங்க வூடு இங்கதான். வந்துட்டுப் போவட்டும்" என்றாய். உன் அம்மா உன்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவனுக்கு முட்டைக் குழம்பு வைத்து அந்தப் புதுத் தட்டில் போட்டார். மூன்று தரம் வாங்கித் தின்றான். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அப்புறம் அவன் யாரையும் கேட்காமல் அந்த மடக்குக் கட்டிலில் படுத்து, வாயைத் திறந்துகொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினான். நீ வாசற்படியில் குந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தூங்கறான்டா" என்று ரகசியமாகச் சொன்னாய். "சொந்த வூட்ல மாதிரி."

ஆறு நாளுக்குப் பதில் உனக்குக் கிடைத்தது அந்த இரண்டு மணி நேரம். வழியனுப்பு விழாவில் மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியிருந்தார்கள், நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று. இரண்டு நாள் ரயிலில் போனால்தான் வருகிற ஊரைப் புரிந்துகொள்ள டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு திட்டமும் இல்லை. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. தெருமுனையில் காரை நிறுத்துகிறவர்கள் கையிலும், தண்ணீர் வேண்டாம் என்கிறவர்கள் கையிலும் அதைக் கொடுத்தார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

நான் கிளம்பும்போது நீ உன் ஸ்வெட்டரைக் கொடுத்தாய். அந்தப் பயணத்துக்கென்று திண்டிவனத்தில் தேடி வாங்கிய மெரூன் ஸ்வெட்டர். "போட்டுக்கினு போ. குளுருல செத்துகித்து வைக்காத, அப்புறம் அதுக்கும் நான்தான் ஃபாரம் எழுதணும்." தீபக்கின் அம்மா முதல் இரண்டு நாளும் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். வரப்போகிற பையன் பெயர் என்று முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம். நான் திருத்தவில்லை. உன் ஸ்வெட்டரில், உன் பெயரில், உனக்காகப் போட்ட கட்டிலில் தூங்கினேன்.

அடுத்த வருஷம் நீ ஒரு கம்பெனியில் சேர்ந்தாய். மத்தியான ஷிஃப்டுக்குப் போக நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துவிட்டது. அவ்வளவுதான். அதில் எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது வேறு. உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "இந்த வூடு உனக்குக் கூச்சமா இருக்குதுன்னு போய்ட்டியாடா" என்று அழுதார். திரும்பத் திரும்ப அதையே. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளை மேல் கோபம் நிற்காது என்று நீ போட்ட கணக்கு தப்பு. உனக்குத்தான் நாள் போதவில்லை.

பார்சலோடு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். இந்த வருஷமும் அந்தத் திட்டம் நடக்கிறது. பழைய மாணவன் என்று என்னை வீடு பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பையில் காலிப் படிவங்கள் இருந்தன.

"வாங்க தம்பி" என்று உன் அம்மா நாற்காலியைத் துடைத்தார். நீலப் பெயிண்ட் வெளுத்துவிட்டது. நாலாவது சுவரில் உன் போட்டோ. பெட்டியைப் பிரித்ததும் ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். "இத எப்பிடித் துன்றது? கல்லாட்டம் கீது." அம்மிக் குழவியை எடுத்து வந்தார். ஓங்கியவர் அப்படியே நிறுத்திக் கேட்டார்:

"அவன் பேருக்குன்னா எங்க வூட்டுக்குத்தான தம்பி வரணும். உங்க வூட்டுக்கு ஏன் வந்துச்சு?"

சொன்னேன். கம்பி, கட்டம், என் கையெழுத்து, மேம்பாலப் படிக்கட்டு, எல்லாம். சொல்ல வேண்டாம் என்ற உன் பேச்சை மீறினேன். நீ திட்டினால் திட்டிக்கொள்.

"அப்ப அவன் எழுதல."

"இல்லம்மா."

"வேணாம்னு அவன் சொல்லவும் இல்ல."

"இல்லம்மா. நான்தான்."

குழவியைக் கீழே வைத்தார். உன் போட்டோவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா அந்தப் போட்டோவப் பாத்துக் கேட்டுக்கினு கீறேன். இன்னாத்துக்குடா கூச்சப்பட்ட, நான் இன்னா கொற வச்சேன்னு. எழவு வூட்ல நீயும் கேட்டுக்கினுதான நின்ன? வாயத் தொறந்தியா நீ?"

முதல்முறையாக அவர் என்னை நீ என்றார். மன்னித்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது. கேட்டால், கொடுக்க வேண்டியதும் அவராகவே இருக்கும். இதற்கு மேல் அந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

கொட்டையைத் தரையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பேப்பரு இருக்குதா?"

"இருக்காதும்மா. பழசெல்லாம் எடைக்குப் போட்டிருப்பாங்க. காலி ஃபாரம்தான் கீது."

"எடு. எழுது."

எழுதினேன். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அறை? "ஒண்ணு." கூரை நல்லாத்தானம்மா இருக்குது என்று நான் இழுத்தேன். "கம்பி தெரியுதுன்னு எழுது. மறைக்காத." கழிவறை? "கீது. கதவு போட்டது என் புள்ள." கட்டில்? "எரவலு." கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"குறிப்புல இன்னா எழுதணும்மா?"

அவர் குழவியை ஓங்கி ஒரே போடாகப் போட்டார். ஓடு நாலாகச் சிதறியது. பருப்பைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வரலாம்னு எழுது."

எழுதினேன். கீழே அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"அம்மா, குடிக்கத் தண்ணி வேணும்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "கொடம் அங்க கீது. நீயே மொண்டு குடி" என்றார். போய் மொண்டு குடித்தேன். இரண்டு சொம்பு.

அந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்கும் போகாது. அந்த வீட்டில் இப்போது மாணவன் யாரும் இல்லை. மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். உன் ஸ்வெட்டரும் என்னிடம்தான் இருக்கிறது. தீபக்குக்கு நேற்று எழுதினேன், நீ இல்லை என்று. உன் வீட்டு முகவரியையும் எழுதி அனுப்பினேன்.

இந்த வாரம் இதுவரை ஐந்து வீடு பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு, உன் தெரு மாதிரித் தெருக்களில். கார் முனையில் நின்றது. நான் உள்ளே நடந்தேன். முதலில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். மற்ற கட்டங்களை நான் நிரப்புகிறேன். கடைசிக் கட்டம் வந்ததும் பேனாவை அந்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன்.

"நான் இன்னாண்ணா எழுதறது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

நான் சொல்வதில்லை. அவர்கள் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டிருக்கிறேன்.